பாதி இருக்கிறது என்று காட்டிவிட்டு அணைந்துபோகும் தலைவிளக்கு: பேட்டரி அளவுமானியைச் சரிசெய்யும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் இன்னும் பால்மரம் வெட்டுகிறார்கள், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். அம்மா விடியும் முன்பே தலைவிளக்கோடு தன் மர வரிசைக்கு, நிரைக்கு, போய்விடுவார். அந்த விளக்குக்கு ஆறு ஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைத் தொடராகக் கோத்து ஒரு பேக் செய்தேன். மிச்சம் எவ்வளவு என்று காட்ட ஒரு சின்னத் திரையும் வைத்தேன். ஒரு நாள் திரையில் 45 சதவீதம் இருக்கும்போதே விளக்கு அணைந்துவிட்டது. கத்தியும் கையுமாக அம்மா இருட்டில் நின்றிருக்கிறார். அன்று சாயங்காலமே அளவுமானியைப் பிரித்து உட்கார்ந்தேன்.

தப்பு என்னுடையதுதான். வோல்ட்டை வைத்துச் சதவீதம் கணக்கிட்டிருந்தேன். இந்த வகை செல் நிறைந்ததும் 1.4 வோல்ட் வரை காட்டும், சீக்கிரமே 1.2-க்கு அருகே இறங்கி, வெகுநேரம் அங்கேயே நிற்கும். கடைசியில் மடமடவென்று விழும். நடுவில் 70 சதவீதமும் 30 சதவீதமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே போகிற வருகிற மின்னோட்டத்தைக் கூட்டிக் கழிப்பதுதான் வழி.

தேவையானவை: ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி ஓட்டும் சின்னப் பலகை), ஐஎன்ஏ219 சென்சார் (மின்னோட்டத்தை அளப்பது), மல்டிமீட்டர், 18 ஓம் 10 வாட் மின்தடை. பேக்கின் பிளஸ் சென்சாரின் ஒரு முனைக்கு, மறுமுனையிலிருந்து விளக்குக்கு, மைனஸ் எல்லாம் ஒன்றாக. சரிசெய்யும்போது நானோவைப் போன் சார்ஜரில் ஓட விடுங்கள். பேக்கில் ஓட்டினால் அது குடிக்கும் மின்சாரமும் சென்சார் வழியாகவே போக வேண்டும், இல்லையென்றால் கணக்கில் வராது.

முதலில் பூஜ்யம். எதையும் இணைக்காமல் சென்சார் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 3 மில்லி ஆம்பியர் காட்டினால் அற்பம் என்று விடாதீர்கள். ஒரு நாளில் அது 72 மில்லி ஆம்பியர் மணி (மில்லி ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) பொய்க்கணக்கு. நிரலில் கழித்துவிடுங்கள். அப்புறம் மல்டிமீட்டரைத் தொடரில் வைத்து மின்தடையை இணையுங்கள். மீட்டர் 412, சென்சார் 400 என்றால் 1.03-ஆல் பெருக்கினால் சரி.

அடுத்து பேக்கை 6.0 வோல்ட் வரை, அதாவது செல்லுக்கு 1.0 வோல்ட் வரை, காலி செய்யுங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள். ஆறில் நலிந்த செல் முதலில் தீர்ந்துவிடும். மற்ற ஐந்தும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ள, அது பிளஸ் மைனஸ் தலைகீழாகிக் கெட்டுவிடும்.

காலியான பேக்கை, 2000 மில்லி ஆம்பியர் மணி செல் என்றால், 200 மில்லி ஆம்பியரில் 16 மணி நேரம் ஏற்றுங்கள். மாலை ஆறுக்குப் போட்டால் காலை பத்துக்கு முடியும். இரவில் ஏற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் தகரக் கூரைக்குக் கீழே வீடு கொதிக்கும். சூடான செல் சார்ஜை ஒழுங்காக வாங்காது, நிறைந்தது என்று நாம் நினைப்பது நிறைந்திருக்காது. ஏற்றி முடித்து ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

இப்போதுதான் முக்கியமான வேலை. நிரல் கூட்டிவரும் மில்லி ஆம்பியர் மணி எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி மின்தடையை இணையுங்கள். ஏறக்குறைய 400 மில்லி ஆம்பியர் ஓடும். நல்ல செல் என்றால் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மின்தடை கையைச் சுடும், ஓட்டுத் துண்டு மேல் வையுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது. ஒரே மூச்சில் 6.0 வோல்ட் வரை போக வேண்டும். அந்த நொடியில் எண்ணிக்கை காட்டுவதுதான் உங்கள் பேக்கின் உண்மையான கொள்ளளவு. எனக்கு 1640 வந்தது. செல்லின் மேல் அச்சிட்ட 2000-ஐ அழித்துவிட்டு நிரலில் இதை எழுதினேன்.

உள்ளே போவதெல்லாம் திரும்பி வராது. சார்ஜின்போது 3200 ஏற்றினோம், வந்தது 1640. கடைசிப் பகுதி வெறும் சூடாகத்தான் போகிறது. அதனால் ஏற்றியதை அப்படியே கூட்டாமல், முழு சார்ஜ் முடிந்ததும் திரையை 100-க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

சும்மா வைத்திருந்தாலும் சாதாரண செல் நாளுக்கு ஒரு சதவீதம்போல இழக்கும், நம் வெக்கைக்கு இன்னும் கூட. அதையும் நிரலில் கழியுங்கள். சான்யோ 2005-இல் கொண்டுவந்த எனலூப் போன்ற செல்களில் இந்த இழப்பு மிகக் குறைவு. வசதி இருந்தால் அதையே வாங்குங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை, மழையில் வெட்டு இல்லாத நாளாகப் பார்த்து, மறுபடி ஒரு முழுச் சுற்று ஓட்டிக் கொள்ளளவைத் திருத்துவேன்.

அம்மாவின் பேக்கில் 200 மில்லி ஆம்பியர் மணி மிஞ்சும்போது சிவப்பு விளக்கு எரிகிறது. தலைவிளக்கு 400 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, ஆக அரை மணி நேரம் கையில் இருக்கிறது. அதற்குள் பொழுது விடிந்துவிடும்.