தினசரி காருக்கு மெழுகா, சீலண்டா? என் அனுபவம்
வெயிலிலேயே நிற்கும் என் காரில் கார்னௌபா மெழுகு (ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு) சில வாரங்களிலேயே தேய்ந்து, பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவலாகப் படியத் தொடங்கியதால், வெப்பத்தையும் ஷாம்பூவையும் அதைவிட நன்றாகத் தாங்கும் செயற்கைப் பாலிமர் பாதுகாப்புப் பூச்சான சீலண்டுக்கு மாறினேன். பொதுவாக அது 4 முதல் 6 மாதங்கள் வரை நிற்கும். ஆனால் அதன் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது முன்தயாரிப்புதான் என்பது என் உறுதியான கருத்து. காரைக் கழுவியபின், மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் விரல்களை நுழைத்துப் பெயின்ட்டைத் தடவினால் சொரசொரப்பு தெளிவாகப் புலப்படும். அதைக் கிளே பாரால் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) நீக்கி, பழைய மெழுகின் பசையை நீர்த்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்தால்தான் சீலண்ட் நன்றாகப் பிடிக்கிறது. நிழலில், சூடு தணிந்த பரப்பில், மிக மெல்லிய பூச்சே போதும். தடிமனாகப் பூசினால் துடைப்பதுதான் கடினமாகும். பறவை எச்சத்தை மட்டும் உடனுக்குடன் கழுவிவிடுகிறேன், ஏனெனில் அதை எந்தப் பூச்சும் நெடுநேரம் தாங்குவதில்லை.