'ஹேண்ட்' தெரியும், ஆனால் மெயிலில் தப்பாகிறது

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனி, ஷூ கம்பெனிகளில் ஏற்றுமதிப் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பெரிய ஆங்கில வார்த்தைகளில் தடுமாறுவதில்லை. ஒன்றாம் வகுப்பில் படித்த 'ஹேண்ட்'டில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழில் கையை வைத்து ஏகப்பட்ட வழக்கு இருக்கிறதா, அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிடுகிறார்கள்.

இருப்பதிலேயே மோசமான தவறு இது. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் நிற்கிறது, கஸ்டம்ஸ் விட்டால்தான் கப்பல் ஏறும், நாம் செய்ய ஒன்றுமில்லை. மனதில் 'கைமீறிப் போச்சு' என்று ஓடும், விரல் 'அவுட் ஆஃப் ஹேண்ட்' என்று தட்டிவிடும். மெயிலைப் படிக்கிற பையருக்கோ (சரக்கு வாங்குகிறவருக்கோ), நிலைமை கட்டுக்கடங்காமல் போய்விட்டது, இவர்களால் சமாளிக்க முடியவில்லை என்றுதான் படும். முடிவு நம்மிடம் இல்லை என்று சொல்ல 'அவுட் ஆஃப் அவர் ஹேண்ட்ஸ்' என்று எழுத வேண்டும். நடுவில் ஒரு 'அவர்', கடைசியில் ஒரு 'ஸ்', இதை விட்டால் அடுத்த ஆர்டருக்கே பையர் யோசிப்பார். அப்புறம், 'ரிஜெக்டட் அவுட் ஆஃப் ஹேண்ட்' என்று பதில் வந்தால் அது மூன்றாவது அர்த்தம்: நீங்கள் சொன்னதை யோசித்துக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார்கள்.

குடோனில் தயாராக இருக்கும் சரக்கு 'ஆன் ஹேண்ட்'. 'தி மேட்டர் இஸ் இன் ஹேண்ட்' என்றால் அந்த வேலையைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். சம்பளத்தை 'இன் ஹேண்ட்' என்று கேட்பது நம் ஊரில் செல்லும், இங்கிலாந்தில் 'டேக் ஹோம் பே' என்று கேளுங்கள். அங்கே 'எ வீக் இன் ஹேண்ட்' என்றால் ஒரு வாரச் சம்பளத்தை நிறுத்தி வைத்துக் கொடுப்பது.

திருடுகிறவனைக் கை நீளம் என்கிறோம். அதை 'லாங் ஹேண்ட்' ஆக்காதீர்கள், அது கையால் முழுசாக எழுதுவது, ஷார்ட்ஹேண்டுக்கு எதிர். 'லைட் ஃபிங்கர்டு' தான் சரி.

'உங்கள் டீமோடு ஹேண்ட் இன் கிளவ் ஆக வேலை செய்கிறோம்' என்று பெருமையாக எழுதுவதையும் தயவுசெய்து விடுங்கள். மணல் கடத்தலுக்கு அதிகாரி உடந்தை என்று எழுத நம் ஆங்கிலப் பேப்பர்கள் போடும் சொல் அது, 'க்ளோஸ்லி' போதும்.

கை கட்டி வேடிக்கை பார்த்தார்கள் என்பதற்கு 'ஹேண்ட்ஸ் ஆர் டைட்' வராது. செய்ய மனமிருந்தும் விதி தடுக்கிறது என்று சொல்லும்போது மட்டும் அதை எழுதுங்கள்.