பழைய காரில் பிரேக் பெடல் இறங்குகிறதா?

பத்து வருடம் தாண்டிய கார் என்றால் இதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை அரை நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் கசிவு இருக்கிறது. சக்கரங்களின் உட்பக்கம் எங்கும் ஈரமில்லை, பிரேக் ஆயில் அளவும் குறையவில்லை என்றால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) ரப்பர் தேய்ந்திருக்கும். அதை மாற்றும்வரை தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள்.

பெடல் பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று மிதியில் கெட்டியானால் பெரும்பாலும் பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று. மெக்கானிக்கிடம் ஏர் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்து, லைனில் ஆவிக் குமிழி உண்டாகலாம். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது பல நேரம் இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.