தூக்கம் எந்த நேரத்தில் கெடுகிறது என்று முதலில் பாருங்கள்

"சரியாவே தூக்கமில்ல" என்று ஒருவர் சொன்னால் அதற்குள் ஏழெட்டு விதமான கோளாறுகள் இருக்கலாம். படுத்து இரண்டு மணி நேரம் புரண்டுகொண்டே இருப்பவர், படுத்ததும் தூங்கிவிட்டு மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பவர், எட்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கியும் மறுநாள் பஸ்ஸில் தூங்கி வழிபவர், இந்த மூன்று பேருக்கும் பிரச்சினை வேறு, வைத்தியமும் வேறு. ஆனால் நடைமுறையில் மூன்று பேரும் போய் நிற்பது அதே மருந்துக்கடையில், கேட்பது அதே தூக்க மாத்திரை. தூக்கக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை நன்றாகவே சரிசெய்ய முடியும், பலவற்றுக்கு மாத்திரையே தேவையில்லை, அதனால்தான் இதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

கோளாறு எது என்று பிடிக்க, இரவின் எந்தப் பகுதியில் தூக்கம் கெடுகிறது என்று கவனியுங்கள். ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியில் அதிகம், கனவுத் தூக்கம் விடியற்காலைப் பக்கம் அதிகம். அதனால் பதினோரு மணிக்கு அலறும் குழந்தைக்கும் நாலு மணிக்கு அலறும் குழந்தைக்கும் நடப்பது ஒன்றல்ல. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது படுத்தீர்கள், தோராயமாக எப்போது தூங்கியிருப்பீர்கள், எத்தனை முறை விழிப்பு, எப்போது எழுந்தீர்கள், பகலில் தூங்கினீர்களா, கடைசி காபி டீ எத்தனை மணிக்கு. காலையில் எழுந்த பிறகு நினைவிலிருந்து எழுதினால் போதும். ராத்திரி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். குறட்டையோ அலறலோ கை கால் உதறலோ இருந்தால் வீட்டில் ஒருவர் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் அரை மணி நேரம் விளக்குவதைவிட அந்த ஒரு நிமிடம் அதிகம் சொல்லும்.

இன்னொன்று, கோளாறே இல்லாமல் வெறும் நேரப் பற்றாக்குறையாகவும் இருக்கலாம். 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12, பதின்வயதில் 8 முதல் 10, பெரியவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையாமல் தேவை. ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்து காலை ஐந்து மணி டியூஷனுக்கு எழும் பத்தாம் வகுப்புப் பையன் கிளாசில் தூங்குகிறான் என்றால் அவனுக்கு எந்த நோயும் இல்லை. பதின்வயதில் உடம்பின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போய்விடும், அவனால் ஒன்பது மணிக்குத் தூங்கவும் முடியாது. அந்த ஐந்து மணி டியூஷனைத்தான் பெற்றோர் மறுபடி யோசிக்க வேண்டும்.

சரி, கைக்குழந்தையிலிருந்து வருவோம். தூளியில் ஆட்டினால்தான் தூங்கும், இறக்கிப் படுக்கப்போட்டால் ஒரு மணி நேரத்தில் வீறிடும், இது எல்லா வீட்டிலும் உள்ள கதை. குழந்தை ஒவ்வொரு தூக்கச் சுற்றின் முடிவிலும் லேசாக விழிக்கும், பெரியவர்களும் அப்படித்தான். தூங்கும்போது இருந்த ஆட்டம் விழிக்கும்போது இல்லையென்றால் அது மறுபடி வேண்டும் என்று அழும். ஆறு மாதம் தாண்டியபிறகு, முழுசாகத் தூங்குவதற்கு முன், கண் சொக்கும்போதே ஆட்டத்தை நிறுத்திப் படுக்க வைத்துத் தட்டிக்கொடுத்துப் பழக்குங்கள். ஒரே நாளில் நடக்காது, சில வாரங்கள் ஆகும். செல்போனில் பாட்டு ஓடினால்தான் தூங்குவேன் என்கிற மூன்று வயதுக்கும் இதே கதைதான், அங்கே தூளிக்குப் பதில் செல்போன்.

அப்புறம் அந்த அலறல். தூங்கி ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் பிள்ளை திடீரென எழுந்து உட்கார்ந்து கத்துகிறது, கண் திறந்திருக்கிறது, ஆனால் அம்மாவைத் தெரியவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கினால் இன்னும் திமிறுகிறது, பத்து நிமிடத்தில் அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறது, காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. வீட்டில் உடனே "பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துடுச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். திருநீறு பூசுவதில் கெடுதல் இல்லை, ஆனால் பிள்ளை எதையும் பார்க்கவில்லை. மூளையின் ஒரு பகுதி ஆழ்ந்த உறக்கத்திலும் இன்னொரு பகுதி விழிப்பிலும் மாட்டிக்கொள்வதால் வருவது இது. உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். கீழே விழாமல், எதிலும் இடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருந்தால் போதும். காய்ச்சல், தூக்கக் குறைவு, முட்டிக்கொண்டிருக்கும் மூத்திரம் எல்லாம் இதைக் கிளப்பும். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தால், அதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு லேசாக எழுப்பி மறுபடி தூங்கவிடுங்கள். இப்படிச் சில வாரம் செய்தால் பல பிள்ளைகளுக்கு நின்றுவிடும். தூக்கத்தில் நடப்பதும் இதே வகைதான். அதற்கு வாசல் கதவிலும் மொட்டை மாடிக் கதவிலும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுவதுதான் முதல் வைத்தியம்.

ஆனால் ஒரே ராத்திரியில் பலமுறை, ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி நடந்தாலோ, ஒரு பக்கக் கை கால் மட்டும் வெட்டினாலோ, நாக்கைக் கடித்துக்கொண்டாலோ அது வலிப்பாக இருக்கலாம், தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். விடியற்காலையில் அழுதுகொண்டே எழுந்து "பாம்பு துரத்துச்சு" என்று கதையைச் சொன்னால் அது வெறும் கெட்ட கனவு. அணைத்து ஆறுதல் சொல்லலாம்.

குழந்தையின் குறட்டையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "அப்பா மாதிரியே குறட்டை விடுறான் பாரு" என்று சிரிக்கிறோம். சளி பிடித்த நாளில் வரும் குறட்டையை விடுங்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் குறட்டை விடும் பிள்ளையை ஒரு நாள் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். வாய் திறந்திருக்கும், கழுத்து பின்னால் வளைந்திருக்கும், மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழும், குறட்டை சில நொடி நின்று பிறகு ஒரு விக்கலோடு ஆரம்பிக்கும், தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். இவ்வளவும் இருந்தால் அந்தப் பிள்ளை ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கிறது. இரண்டு முதல் எட்டு வயது வரை தொண்டைப் பாதையின் அளவுக்கு டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும் பெரிதாக இருப்பதே இதற்கு முக்கியக் காரணம்.

பகலில் இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் தூங்கி வழிய மாட்டார்கள், அங்கேதான் ஏமாந்துவிடுகிறோம். ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள், கவனம் நிற்காது, எரிச்சல், சில பேருக்கு நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வரும், எடையும் சரியாக ஏறாது. பள்ளியில் "சேட்டை" என்று பெயர் வாங்கி, வீட்டில் அடியும் வாங்குவார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். லேசாக இருந்தால் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே கொடுத்துப் பார்ப்பார்கள், தீவிரமாக இருந்தால் டான்சிலையும் அடினாய்டையும் அறுவைசிகிச்சையில் எடுப்பார்கள். எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அதே வேலையைச் செய்ய உடம்பில் வேறு திசுக்கள் இருக்கின்றன. குண்டான பிள்ளைகளுக்கு அறுவைக்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், அதனால் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை தூங்கட்டும் என்று சளி மருந்து ஊற்றும் பழக்கம் மட்டும் எந்த வீட்டிலும் வேண்டாம்.

பெரியவர்களின் குறட்டையும் இதே ரகம்தான், "நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குறார்" என்பது தப்பான கணக்கு. குறட்டை நடுவில் நின்று, வீடே அமைதியாகி, பத்து நொடியோ அதற்கு மேலோ கழித்துத் திணறலோடு மூச்சு வந்தால் அது ஸ்லீப் ஆப்னியா. மாத்திரைக்கு அடங்காத பிபி, காலைத் தலைவலி, ராத்திரி அடிக்கடி மூத்திரத்துக்கு எழுவது, 40 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்துச் சுற்றளவு, இவையெல்லாம் சந்தேகத்தைக் கூட்டும். தாடை சிறியதாக உள்ளவர்களுக்கு ஒல்லியாக இருந்தாலும் வரும். தூங்கும்போது மூச்சைக் கருவிகளால் பதிவுசெய்யும் ஸ்லீப் ஸ்டடி செய்தால் மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைப்படுகிறது என்று எண்ணிச் சொல்வார்கள்: 5 முதல் 15 வரை லேசானது, 30க்கு மேல் தீவிரம். தீவிரமானவர்களுக்கு இன்றும் முதல் வைத்தியம் சிபாப் கருவி, 1980இல் சிட்னியில் கொலின் சல்லிவன் என்ற மருத்துவர் முதலில் பயன்படுத்திப் பார்த்தது. காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும், அவ்வளவுதான். முதல் வாரத்தில் மூச்சு முட்டுகிறது என்று கழற்றி பீரோ மேல் போட்டுவிடுபவர்கள் நிறைய. பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி மாட்டிப் பழகுங்கள், காற்று கசிந்தால் மாஸ்க்கின் அளவை மாற்றச் சொல்லுங்கள், மூக்கு வறண்டால் ஈரப்பதம் தரும் பகுதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும், மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையைத் தளர்த்தி நிலைமையை மோசமாக்கும். பகலில் தூக்கம் தள்ளும் நிலையில் வண்டி ஓட்டவே கூடாது.

சாயங்காலம் ஆனால் கால் குடைகிறது, படுத்தால் அதிகம், எழுந்து நடந்தால் விட்டுவிடுகிறது என்றால் அதுவும் ஒரு தூக்கக் கோளாறுதான். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அதிகம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாமல், உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம், குழந்தைகளுக்கு 50 என்ற அளவுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுத்தே நிறைய பேருக்குச் சரியாகிறது. மாத்திரையையும் டீயையும் சேர்த்துக் குடிக்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது.

இப்போது அசல் தூக்கமின்மை. வாரத்தில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதமாக இருந்தால் அது நாள்பட்டது. 2016இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் அமைப்பு, பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் பழக்க மாற்றச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, படுக்கை தூங்குவதற்கு மட்டும். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கினால் மட்டும் திரும்பிப் போங்கள். ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில் எங்கே போவது என்று கேட்கலாம், அடுக்களையில் ஒரு ஸ்டூல் போதும். பாயில் படுப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம், தூக்கம் வரும்போது விரித்து, எழுந்ததும் சுருட்டிவிட்டால் பகலில் சாய இடமே இருக்காது.

இரண்டாவது, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. கேட்க முரணாக இருக்கும், ஆனால் நன்றாக வேலை செய்வது இதுதான். நோட்டைப் பாருங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை படுக்கையில் எட்டு மணி நேரம், தூங்குவது சராசரி ஐந்தரை என்று வைத்துக்கொள்வோம். எழும் நேரம் ஞாயிறு உட்பட 6 மணி, மாற்றமே இல்லை. படுக்கும் நேரத்தை 12.30 ஆக்குங்கள். ஒரு வாரம் இப்படிப் போனபின், படுக்கையில் இருந்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கியிருந்தால், அதாவது சுமார் 4 மணி 40 நிமிடத்துக்கு மேல், 15 நிமிடம் முன்னதாகப் படுங்கள். அடுத்த வாரமும் அப்படியே. முதல் இரண்டு வாரம் பகலில் கண் எரியும், மனசு தளரும், அதைத் தாண்டிவிட்டால் படுத்ததும் தூக்கம் பிடிக்கும். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் குறைக்காதீர்கள். வலிப்பு நோய், பைபோலார் என்ற மனநிலைக் கோளாறு, ஆப்னியா உள்ளவர்களும் லாரி, பஸ் ஓட்டுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. விடியற்காலை விழிப்போடு எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணமும் சேர்ந்து வந்தால் அங்கே முதலில் கவனிக்க வேண்டியது மனச்சோர்வு, அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

விடியலில் முழிப்பு வந்தும் உடம்பை அசைக்க முடியாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருப்பதை அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு நேரத்தில் தசைகள் செயலற்று இருப்பது இயல்பு, அது விலகுவதற்குள் விழித்துவிட்டால் இப்படி. ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விடும், பயமில்லை. இதற்கு நேர்மாறாக, ஐம்பது வயதைத் தாண்டியவர் கனவில் வருபவரை நிஜமாகவே குத்தி உதைத்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும், பிற்காலத்தில் வரும் பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாக அது இருக்கலாம். சிரிக்கும்போது முழங்கால் தொய்ந்து போவதும் பகலில் அடக்க முடியாத தூக்கமும் சேர்ந்து வந்தால் அது நார்கோலெப்சி, பதின்வயதிலேயே தொடங்கும், மருந்து உண்டு.

ஏற்கெனவே வருஷக்கணக்காக தூக்கத்துக்காக அல்பிரசோலம் போன்ற மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நடுக்கம், படபடப்பு, சில பேருக்கு வலிப்பே வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஒரு அட்டவணை கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறை அளவு குறையும்போதும் சில நாள் தூக்கம் முன்பைவிட மோசமாகும். அது மருந்து விலகுவதால் வருவது, பெரும்பாலும் தானாக அடங்கும், அந்த நாட்களிலும் காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.