ரக்பி வீரர் டாலி மெசெஞ்சர் கதையைப் பசங்களுக்குச் சொல்வது எப்படி?

கோபியில் கபடி பழகும் பசங்களுக்கு நான் சொல்லும் விதம் இது. சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு 1907 என்று எழுதுங்கள். இந்தப் பக்கம் அணிக்கு 15 பேர்: ரக்பியில் ஒரு வகையான ரக்பி யூனியன், அந்தக் காலத்தில் ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது. அந்தப் பக்கம் அணிக்கு 13 பேர்: இன்னொரு வகையான ரக்பி லீக், காசு உண்டு.

அப்புறம் ஒரு பையனைக் கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். அவன்தான் சிட்னியின் டாலி மெசெஞ்சர். தாண்டியவனுக்கு யூனியன் கதவைச் சாத்திவிடும். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். “ரைடு போனா திரும்பி வரலாமுங்க, இதுல முடியாதுங்களா சார்?” என்று ஒருத்தன் கேட்டே தீருவான்.

மிச்சத்தைச் சட்டென்று முடிக்கலாம்: அதே ஆண்டு நியூசிலாந்து அணியோடு கப்பலேறி இங்கிலாந்தில் ஆடினார். 1911 முதல் 1913 வரை அவருடைய சிட்னி லீக் அணியான ஈஸ்டர்ன் சபர்ப்ஸுக்குத் தொடர்ந்து மூன்று பட்டம்.