முதல் ரைபிள்: புதியவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-ல் துப்பாக்கி சுடுதலில் மட்டும் நமக்கு மூன்று வெண்கலம் கிடைத்தது. அதன் பிறகு பெங்களூரு ரேஞ்சுகளில் சனி, ஞாயிறு காலையில் லேன் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. வருகிறவர்களில் தமிழ்க் குடும்பங்களும் நிறைய. அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் மகளைப் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவரும் அப்பாக்கள் "இளவேனில் மாதிரி வரணும் சார்" என்பார்கள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகத் தரவரிசையின் முதல் இடம் வரை போனவர். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. மூன்றாவது வாரமே சொந்த ரைபிள் வாங்கக் கிளம்பிவிடுகிறார்களே, அங்கேதான் காசு போகிறது.

ட்ரிகரில் விரல் வைக்காதே, குழலை ஆள் பக்கம் திருப்பாதே என்பதையெல்லாம் கோச் முதல் நாளே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்பதைப் பாதி மட்டும் கேட்பது

அந்த வாக்கியத்துக்கு ஒரு மீதி உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு, மேல் போகக் கூடாது. குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. இரண்டில் எது மீறினாலும் லைசென்ஸ் வேண்டும். ஆக, .22 ஏர் ரைபிளை "இதுவும் காத்துத் துப்பாக்கிதானே" என்று தூக்கிக்கொண்டு வர முடியாது.

ஜூல் கணக்கைக் கடைக்காரர் பேசமாட்டார். "ஆயிரம் எஃப்.பி.எஸ். போகும் சார்" என்பார். விநாடிக்கு ஆயிரம் அடி, அதாவது சுமார் 305 மீட்டர். போட்டிகளில் பயன்படும் ஈயப் பெல்லட்டின், அதாவது குண்டின், எடை ஏறத்தாழ 0.53 கிராம். அதை அந்த வேகத்தில் தள்ளினால் 24 ஜூலுக்கு மேல் வரும். அதே பெல்லட்டுக்கு 20 ஜூல் எல்லை விநாடிக்கு சுமார் 275 மீட்டர்தான். "அது லேசான அலாய் பெல்லட்டுக்குப் போட்ட வேகம்" என்று சமாளித்தால், சரி, ஜூல் எவ்வளவு என்று கம்பெனிக் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

அத்தனை சக்தி எதற்கு என்பதுதான் எனக்குப் புரியாதது. 10 மீட்டரில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. அதை அடிக்கிற ஒலிம்பிக் ரைபிளின் சக்தி எட்டு ஜூல் அளவை ஒட்டியே இருக்கும். டெலஸ்கோப்பும் அந்தப் போட்டியில் கிடையாது. துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான். வேகமும் டெலஸ்கோப்பும் பார்த்து வாங்கியவர் அதை ரேஞ்சுக்கு எடுத்துவந்தால், கோச் அதை ஓரமாகச் சாய்த்துவிட்டு கிளப் ரைபிளைத்தான் கையில் கொடுப்பார்.

லைசென்ஸ் வேண்டாத ரைபிளுக்கும் அடையாள, முகவரிச் சான்றைக் கொடுத்து, சீரியல் நம்பர் எழுதிய பில்லாக வாங்குங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சிலிண்டரின் தேதியைப் பார்க்காமல் பழையது வாங்குவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு எரிச்சல் வரும். நஷ்டப்படுகிறவர் பெரும்பாலும் கடன் வாங்கி வந்தவராக இருப்பார்.

வெளிநாட்டு மேட்ச் ரைபிள் புதிதாக வாங்கினால் லட்சக் கணக்கில் ஆகும். அதனால் விட்டுப்போகிற வீரரிடம் பழையதை வாங்கலாம் என்ற யோசனை வருவது இயல்பு, நல்ல யோசனையும்கூட. ஆனால் வாங்குகிறவர் பார்ப்பது எதை? தோளில் அணைத்துப் பிடிக்கும் ஸ்டாக்கின் நிறம், கீறல், ஜெர்மன் கம்பெனியின் பெயர். குழலுக்குக் கீழே தொங்கும் காற்றுச் சிலிண்டரைத் திருகிக் கழற்றிப் பார்ப்பவர் அரிது. அதன் உடம்பில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். உலகத் துப்பாக்கி சுடுதல் விதிப்படி அதிகபட்சம் பத்து வருடம்தான் அதன் ஆயுள். செல்லுபடியாகும் தேதிக்குள் இருக்கிறதா என்பது சுடுபவரின் பொறுப்பு. போட்டிக்கு முன் கருவிச் சோதனையில் தேதி தாண்டியிருப்பதைப் பார்த்தால் அந்தச் சிலிண்டரோடு உங்களைச் சுட விடமாட்டார்கள்.

ஸ்ரீராமபுரத்து அண்ணன் ஒருவர் மகளுக்காக இப்படி ஒன்றை வாங்கிவந்தார். சிவப்பு ஸ்டாக், பளபளப்பான பெட்டி. பெட்டியைத் திறக்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, சிலிண்டரைக் கொஞ்சம் கழட்டுங்க."

"எதுக்கு சார்? காத்து நல்லாத்தான் நிக்குது."

கழற்றினோம். தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு போட்டியின் வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், பசை உருண்டு உருண்டு வந்தது. அடியில் இருந்த தேதியைப் பார்த்தால், அந்தச் சிலிண்டர் காலாவதியாகி வெகுநாள் ஆகியிருந்தது. ஸ்டிக்கர் தற்செயலாக அங்கே போய் ஒட்டிக்கொண்டது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

விற்றவருக்குப் போன் போட்டோம். "பிராக்டிஸுக்குத் தாராளமா ஆகும் பாஸ்" என்றார். 200 பார் அழுத்தம் நிற்கிற பாத்திரம் அது. கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய 90 மடங்கு. சுடும்போது அதைத் தாங்கிப் பிடித்திருப்பது பிள்ளையின் இடது கை. காலாவதியானதை பிராக்டிஸுக்கு என்று பிரித்துப் பேசுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

அப்புறம் தொடங்கியது அலைச்சல். ஒரு கம்பெனியின் சிலிண்டர் இன்னொன்றுக்குப் பொருந்தாது, பழைய மாடலுக்கு அதற்கென்றே இருப்பதைத் தேட வேண்டும், அதுவும் இறக்குமதியாகி வர வேண்டும். வரும்வரை சிவப்பு ஸ்டாக் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பெண் கிளப் ரைபிளில்தான் சுட்டாள். விலை பேசும்போது "மலிவு" என்று நினைத்த தொகையையெல்லாம் புதுச் சிலிண்டர் சாப்பிட்டுவிட்டது.

அதனால் பழையது வாங்கும்போது நான் சொல்வது இதுதான். முதலில் சிலிண்டர் தேதி. ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச்சு. பிறகு அதை நிரப்பி ஒரு ராத்திரி விட்டுவையுங்கள்; காலையில் அழுத்தமானி முள் இறங்கியிருந்தால் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் கசிகிறது. அது சின்னச் செலவுதான், ஆனால் விலையில் குறைக்கச் சொல்லலாம். ரைபிளை வைஸில் இறுக்கி, உங்கள் பிள்ளை சுடப்போகும் அதே பெல்லட்டில் பத்து ரவுண்டு சுடச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே துளையில் போக வேண்டும். துளை அகன்றால் பெல்லட்டின் தலை அளவை 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று மாற்றிப் பாருங்கள். அப்படியும் அகன்றால் குழலையும், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரையும் சந்தேகப்படலாம். கடைசியாக, பழைய பில்லும் சீரியல் நம்பரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, கைமாற்றியதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலிண்டரில் உலர்ந்த காற்று மட்டுமே நிரப்ப வேண்டும். வெல்டிங் கடையில் ஆக்சிஜன் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வளர்ந்தவர் ரைபிளைப் பிள்ளைக்கு வாங்குவது

"ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி கொஞ்சம் பெரிசா வாங்கிட்டா ரெண்டு வருஷம் வரும்" என்று ஒரு அம்மா சொன்னார். இங்கே அது நடக்காது. 10 மீட்டர் ஏர் ரைபிளின் எடை வரம்பு 5.5 கிலோ. பெரியவர்கள் அதை ஒட்டியே சுடுவார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைத் தூக்கி நிற்க முதுகை வளைக்கும். அந்த வளைவே பழக்கமாகிவிடும். தோளில் பதியும் பட் பிளேட்டைக் குறுக்க முடிகிறதா, கன்னம் பதியும் சீக் பீஸ் இறங்குகிறதா, எடைக்கட்டிகளைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். இடது கைப் பழக்கமா என்பதையும், எந்தக் கண் ஓங்கியது என்பதையும் கோச் சொன்ன பிறகு வாங்குங்கள்.

ஜாக்கெட்டை மறந்து பட்ஜெட் போடுவது

சுடுவதற்கென்றே உள்ள ஜாக்கெட், பேன்ட், ஷூ, கையுறை இல்லாமல் ரைபிள் மட்டும் வாங்கி ஒரு பயனும் இல்லை.

லைசென்ஸுக்கு முன்பே .22-க்கு அட்வான்ஸ் கொடுப்பது

50 மீட்டர் போட்டிக்கான .22 ரைபிள் வெடிமருந்துத் துப்பாக்கி. இதில் லைசென்ஸ் முதலில், ரைபிள் பிறகு. பெங்களூரு நகரத்தில் லைசென்ஸ் தருவது போலீஸ் கமிஷனர். ஏ-1 படிவம், போலீஸ் விசாரணை, பத்திரமாக வைக்க ஏற்பாடு என்று வரிசையாக இருக்கிறது. 21 வயது நிறையாதவர் பெயரில் சாதாரண லைசென்ஸ் கிடைக்காது. கடையிலோ தனி ஆளிடமோ "லைசென்ஸ் வந்ததும் எடுத்துக்குங்க" என்று அட்வான்ஸ் கட்டியவர்கள் அந்தப் பணத்துக்காக நடையாய் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். தனி ஆள் விற்பதானால் அவர் அதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும். ஊரில் தாத்தாவின் பழைய இரட்டைக்குழல் உங்கள் பெயருக்கு மாறியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் வரும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு, ஆனால் அதற்குத் தகுதி காட்ட வேண்டும். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சமயத்தில் போட்டி இருந்தால் முன்கூட்டியே மனு கொடுங்கள்.

குரங்கு, புறா விரட்ட வாங்குவது

வேண்டாம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்து இருக்கிறது.

மொட்டை மாடியில் பழகுவது

பெல்லட் சுவரில் பட்டுத் தெறிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் 112-க்குக் கூப்பிடுவார்.

சிலிண்டரோடு விமானம் ஏறுவது

டெல்லி கர்ணி சிங் ரேஞ்சுக்குப் போட்டிக்குக் கிளம்பும் குடும்பங்கள் கடைசி நாளில் இதில் மாட்டிக்கொள்கின்றன. ரைபிள் செக்-இன் லக்கேஜில்தான் போகும். கவுண்டரில் சொல்லியே கொடுக்க வேண்டும். சிலிண்டரைத் தனியே கழற்றி, காற்றை முழுக்க வெளியேற்றி, காலி என்று காட்டும் நிலையில் வையுங்கள். டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, பில் நகலோடும் ரைபிள் சங்க அடையாள அட்டையோடும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். போய் இறங்கும் இடத்தில் எங்கே காற்று நிரப்புவார்கள் என்பதையும் இங்கிருந்தே கேட்டுக்கொண்டு போங்கள்.