ஃபிளாய்ட் ரோஸ் வாங்கும் முன்

கிட்டாரில் ஃபிளாய்ட் ரோஸ் மாதிரி பூட்டும் ட்ரெமோலோ மாட்டப் போகிறீர்களா? தந்திகளைப் பூட்டிப் பிடித்து, பார் என்ற கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்க விடும் பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) அது. நிறத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில், பிரிட்ஜ் இரண்டு தூண்களில் சாய்ந்து நிற்கும் அந்தக் கத்திமுனையைப் பாருங்கள். பாரை அமுக்கி விட்டதும் சுருதி பழைய இடத்துக்குத் திரும்புவது அதை நம்பித்தான். ஃபிளாய்ட் ரோஸ் ஒரிஜினலில் அது கடினப்படுத்திய எஃகு. நான் மாட்டிய மலிவான ஒன்றில் ஒரே வருடத்தில் முனை மழுங்கி, ஜி தந்தி தினமும் மக்கர் செய்தது.

அடுத்து அளவு. நட், அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்திகளைப் பூட்டும் துண்டு, ஆர்2 அளவு என்றால் அகலம் சுமார் 41 மி.மீ., ஆர்3 என்றால் 43. பிரிட்ஜுக்கு அடியில் உடலுக்குள் இறங்கும் உலோகக் கட்டையான பிளாக்கின் உயரம் 32, 37, 42 மி.மீ. என்று வரும், கிட்டார் உடல் மெலிந்திருந்தால் உயரமான பிளாக் பின்மூடியில் இடிக்கும்.

அடிக்கடி டியூனிங் மாற்றுபவரா? சரி, இது வேண்டாம். இப்படி மிதக்கும் பிரிட்ஜ், தந்திகளின் இழுப்புக்கும் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகளின் இழுப்புக்கும் நடுவில் சமநிலையில் நிற்பது; ஒரு தந்தியைத் தளர்த்தினால் மற்ற ஐந்தின் சுருதியும் ஏறிவிடும்.